அலையாத்திக் காட்டுப் பாம்புகள்: இனம் பிரித்தறிந்த வரலாறு

அலையாத்திக் காட்டுப் பாம்புகள் என்பது, ஆறு கடலில் கலக்கும் கழிமுகங்களில் வளரும் அலையாத்திக் காடுகளையும் அவற்றைச் சூழ்ந்த உப்புச் சேற்று நிலங்களையும் வாழிடமாகக் கொண்ட பாம்புகளைக் குறிக்கும் பொதுப்பெயர். இது ஒரு குடும்பத்தின் பெயர் அன்று. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பாம்புகள் வாழும் இடத்தால் பெற்ற பெயர் ஆகும். ஒரே சேற்றில் வாழ்வதால் உறவு இல்லாத பாம்புகள் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. நெருங்கிய உறவுடைய பாம்புகள், ஏன் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவைகூட, இடத்துக்கு இடம் நிறம் மாறி வேறுபோலத் தோன்றுகின்றன. இந்த இரட்டைச் சிக்கலால் இப்பாம்புகளைச் சரியாக இனம் பிரிக்க அறிவியலாளர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. 1790களில் சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றி வெளிவந்த ஒரு நூலில் தொடங்கி, 2024இல் மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தில் ஒரு புதிய குழிவிரியன் அறிவிக்கப்பட்டது வரையிலான அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

காடும் அதில் வாழும் பாம்புகளும்

அலையாத்திக் காடு நாள்தோறும் இருமுறை மாறும் நிலம். ஓதம் ஏறும்போது மரங்களின் வேர்கள் நீரில் மூழ்குகின்றன. ஓதம் வற்றும்போது சேறு வெளிப்படுகிறது. நீரின் உப்புத்தன்மை மழைக்காலத்தில் குறைந்தும் கோடையில் மிகுந்தும் காணப்படும். இத்தகைய இடத்தில் வாழும் பாம்புக்கு நீந்தவும், சேற்றில் ஊரவும், உப்பைச் சமாளிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

தெற்கு ஆசியா முதல் ஆஸ்திரேலியா வரையுள்ள அலையாத்திக் காடுகளில் முதன்மையாகக் காணப்படுபவை ஹோமலாப்சிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த தண்ணீர்ப் பாம்புகள். இக்குடும்பத்தில் 50க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நன்னீரில் வாழ்கின்றன. சில மட்டும் உப்புச் சேற்றுக்கு வந்தவை. நாய்முகத் தண்ணீர்ப் பாம்பு, நண்டுண்ணும் பாம்புகளான ஃபோர்டோனியா, ஜெரார்டா, இறாலுண்ணும் கேன்டோரியா ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றின் கண்கள் தலையின் மேற்பக்கமாக அமைந்துள்ளன. மூக்குத் துளைகளும் மேல்நோக்கியே உள்ளன. நீரில் மூழ்கும்போது அவற்றை மூடிக்கொள்ள முடியும்.

இவற்றுடன் வேறு குடும்பங்களைச் சேர்ந்த பாம்புகளும் அதே காட்டில் வாழ்கின்றன. உப்புத்தாளைப் போன்ற தோலுடைய அரப்பாம்பு, துடுப்பு வால் கொண்ட கடற்பாம்புகள், மரக்கிளைகளில் தங்கும் குழிவிரியன்கள், தென்கிழக்கு ஆசியாவில் மட்டும் காணப்படும் கறுப்பு மஞ்சள் பட்டைகள் கொண்ட பொய்கா டென்ட்ரோஃபிலா என்னும் பூனைக்கண் பாம்பு ஆகியவை இவ்வகையின. கடற்பாம்புகளும் குழிவிரியன்களும் மனிதருக்கு ஆபத்தான நஞ்சு கொண்டவை. ஹோமலாப்சிடே பாம்புகளுக்குப் பின்பற்களில் மென்மையான நஞ்சு உண்டு; அது மீனையும் நண்டையும் மயக்கப் போதுமானது, மனிதருக்கு ஆபத்து விளைவிப்பதாக அறியப்படவில்லை. எனவே எந்தப் பாம்பு எது என்று அறிவது நூலறிவு மட்டும் அன்று. கழிமுகத்தில் வலை வீசுவோர், நண்டு பிடிப்போர், தேன் எடுப்போர் ஆகியோரின் உயிர் தொடர்பான செய்தியும் ஆகும்.

ரசலும் சோழமண்டலக் கடற்கரையும்

இந்தியப் பாம்புகளைப் பற்றிய முதல் பெரிய அறிவியல் நூலை எழுதியவர் பாட்ரிக் ரசல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், பின்னர் விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்த தம் சகோதரருடன் இந்தியா வந்தார். அப்போது சென்னை அரசின் இயற்கை ஆய்வாளராக இருந்தவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயசின் மாணவரான கோனிக், தரங்கம்பாடி டேனிஷ் மிஷனின் மருத்துவராக 1768இல் தமிழகம் வந்தவர். 1785இல் கோனிக் இறந்தபின் அப்பணி ரசலிடம் ஒப்படைக்கப்பட்டது.

ரசலின் கவனத்தை ஈர்த்தது பாம்புக்கடி. நஞ்சுள்ள பாம்பையும் நஞ்சற்ற பாம்பையும் பொதுமக்கள் எளிதில் வேறுபடுத்தி அறிய வழி காண வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அதற்காகப் பாம்புகளைச் சேகரித்து, அளந்து, வயிற்றுச் செதில்களையும் வால் செதில்களையும் எண்ணி, வண்ணப் படங்கள் வரையச் செய்தார். அவருடைய நூலின் முதல் தொகுதி 1796இல் கம்பெனியின் செலவில் லண்டனில் வெளிவந்தது. தமிழர் நன்கறிந்த கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இன்றும் ரசலின் பெயர் இருப்பது இந்தப் பணியின் நினைவாகவே.

ரசலின் நூலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அவர் பாம்புகளுக்குப் புதிய இலத்தீன் பெயர்களைச் சூட்டவில்லை. அக்கடற்கரை மக்கள் வழங்கிய பெயர்களையே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தார். முதல் தொகுதியின் 17ஆம் படத்தில், இன்றைய ஒடிசாவில் உள்ள கஞ்சம் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு தண்ணீர்ப் பாம்பு உள்ளது. அதன் பெயரை 'காரூ பொக்கடம்' என்று அவர் பதிவு செய்தார். அதுவே நாய்முகத் தண்ணீர்ப் பாம்பு. 'பொக்கடம்' என்ற அந்தச் சொல் பின்னர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. இன்று பசிபிக் பெருங்கடலின் பலாவு தீவுகளில் வாழும் அதன் உறவுப் பாம்பைக்கூட ஆங்கில நூல்கள் பொக்கடம் என்றே குறிப்பிடுகின்றன.

படத்திலிருந்து பிறந்த பெயர்

அறிவியல் உலகில் ஓர் உயிரினத்துக்கு இலத்தீன் வடிவிலான இருசொற்பெயர் வேண்டும். ரசல் சூட்டாத பெயரை, இந்தியாவுக்கு வராத ஒருவர் சூட்டினார். ஜெர்மானிய அறிஞரான யோகான் காட்லாப் ஸ்னைடர் 1799இல் வெளியிட்ட நூலில், ரசலின் 17ஆம் படத்தையும் விளக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டு அப்பாம்புக்கு ஹைட்ரஸ் ரின்காப்ஸ் என்று பெயரிட்டார். பிற்பகுதிச் சொல் கிரேக்கத்தில் முகவாய், முகம் என்னும் பொருள்களைத் தரும் சொற்களால் ஆனது. பெயருக்கு ஆதாரமாக நிற்பது ஒரு படம். எனவே இச்சிற்றினத்தின் அடையாளம் இன்றும் அந்தக் கஞ்சம் பாம்பின் ஓவியத்தோடு கட்டுண்டு நிற்கிறது.

அதே நூலில் ஸ்னைடர் அரப்பாம்பையும் ஹைட்ரஸ் என்ற அதே பேரினத்தில் சேர்த்து ஹைட்ரஸ் கிரானுலேட்டஸ் என்று பெயரிட்டார். நீரில் வாழும் பாம்புகள் எல்லாம் உறவினர் என்ற எண்ணம் அக்காலத்தில் இயல்பாக இருந்தது. இன்று அவ்விரண்டும் இரு வேறு குடும்பங்களில் வைக்கப்படுகின்றன. அரப்பாம்பின் உடலைச் சிறு மணி போன்ற செதில்கள் சுற்றிலும் மூடியிருக்கும். நிலத்தில் ஊர்வதற்குரிய அகன்ற வயிற்றுச் செதில்கள் அதற்கு இல்லை. நாய்முகத் தண்ணீர்ப் பாம்புக்கு அச்செதில்கள் உண்டு. வாழிடத்தின் ஒற்றுமையை உறவின் ஒற்றுமையாகக் கொண்டது இவ்வரலாற்றின் முதல் பிழை எனலாம்.

1829இல் பிரெஞ்சு அறிஞர் குவியே இப்பாம்புக்குச் செர்பெரஸ் என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் பல தலை நாயின் பெயர் அது. கீழ்த்தாடை குறுகி மேல்முகவாய் முன்தள்ளிய முகத்தோற்றத்துக்கு நாயின் பெயர் பொருந்தியது.

செதில் எண்ணிய நூற்றாண்டு

பாம்பின் நிறம் நம்பத்தக்க அடையாளம் அன்று. சாராயத்தில் இட்டு வைத்த சில ஆண்டுகளில் பச்சை நிறம் நீலமாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். செதில்கள் அப்படி மாறுவதில்லை. குட்டியாக இருக்கும்போது உள்ள செதில் எண்ணிக்கையே பாம்பு வளர்ந்த பின்னும் இருக்கும். லின்னேயஸ் தம் நூலில் பாம்புகளை வேறுபடுத்த வயிற்றுச் செதில், வால் செதில் எண்ணிக்கைகளைப் பயன்படுத்தியதற்கு இதுவே காரணம். ஆனால் ஒரே சிற்றினத்தின் இரு பாம்புகளிலும் அந்த எண் ஒன்றாக இருப்பதில்லை; ஒரு வரம்புக்குள் கூடியும் குறைந்தும் வரும். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் எண்ணிக்கையோடு வேறு அடையாளங்களையும் சேர்த்தனர். உடலின் நடுப்பகுதியில் குறுக்காக எத்தனை செதில் வரிசைகள் உள்ளன, செதிலின் நடுவே வரம்பு போன்ற மேடு உண்டா, தலையின் மேல் பெரிய தகடுகள் முழுமையாக உள்ளனவா என்பவை அவற்றுள் முக்கியமானவை.

இந்த முறை அலையாத்திக் காட்டில் நல்ல பலன் தந்தது. நாய்முகத் தண்ணீர்ப் பாம்பின் செதில்களில் மேடு உண்டு. நடுவுடலில் பெரும்பாலும் 23 அல்லது 25 வரிசைகள் இருக்கும். தலைத் தகடுகள் சிதறிச் சிறு செதில்களாக இருக்கும். அதே சேற்றில் வாழும் ஜெரார்டாவின் செதில்கள் வழவழப்பானவை. வரிசைகள் 17 மட்டுமே. ஃபோர்டோனியாவின் செதில்களும் வழவழப்பானவை. ஆனால் வரிசைகள் ஜெரார்டாவைவிட மிகுதி. நிறத்தைப் பொறுத்தவரை ஃபோர்டோனியாவை ஒரு விதிக்குள் அடக்க முடியாது. சாம்பல், பழுப்பு, கறுப்பு, புள்ளியுள்ளது, புள்ளியற்றது எனப் பலவாறாகக் காணப்படும். நிறத்தை மட்டும் பார்ப்பவர் ஒரே சிற்றினத்தை நான்காகப் பிரித்துவிடக்கூடும்.

இக்காலத்தில்தான் பெரிய அருங்காட்சியகங்களில் உலகெங்குமிருந்து பாம்புகள் குவிந்தன. லெய்டன் நகரில் பணியாற்றிய ஹெர்மான் ஸ்க்லெகல் 1837இல் தென்கிழக்கு ஆசியாவின் நாய்முகத் தண்ணீர்ப் பாம்புக்கு, ஸ்னைடரின் நினைவாக ஸ்னைடரி என்று பெயரிட்டார். ஃபோர்டோனியாவின் சிற்றினப் பெயரான லியூகோபாலியா என்பதும் அதே நூலில் அவர் சூட்டியதே. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே 1842இல் ஆஸ்திரேலியப் பாம்புக்கு ஆஸ்திராலிஸ் என்று பெயரிட்டார். அதே அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாஞ்சர் 1893 முதல் 1896 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பாம்புப் பட்டியல், பின்வந்தோர் அனைவருக்கும் அடிப்படை நூலாயிற்று. பிலிப்பைன்சின் லூசான் தீவில் உள்ள பூகி ஏரியின் நன்னீரில் வாழும் மைக்ரோலெபிஸ் என்ற சிற்றினத்தையும் அவர் 1896இல் விளக்கினார். அச்சொல்லின் பொருள் சிறுசெதில் என்பது. கடலோர உறவினரைவிட அதற்குச் செதில் வரிசைகள் மிகுதி.

பூலாஞ்சர் பற்களையும் அடிப்படையாகக் கொண்டார். பின்பற்களில் நஞ்சுப் பள்ளம் உள்ள பாம்புகளை எல்லாம் ஒரே பிரிவில் வைத்தார். இதனால் சேற்றில் வாழும் ஹோமலாப்சிடே பாம்புகளும் மரத்தில் வாழும் பூனைக்கண் பாம்புகளும் ஒன்றாக வைக்கப்பட்டன. பின்பல் அமைப்பு உறவைக் காட்டாது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. இன்று அவை வெவ்வேறு குடும்பங்கள்.

மற்றொரு பக்கம், பிரித்ததை மீண்டும் சேர்க்கும் போக்கும் வளர்ந்தது. இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை கிடைத்த நாய்முகத் தண்ணீர்ப் பாம்புகளின் செதில் எண்ணிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. எனவே ஸ்க்லெகலும் கிரேயும் சூட்டிய பெயர்கள் ரின்காப்ஸின் மாற்றுப் பெயர்களாகவோ கிளையினங்களாகவோ ஒதுக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், ஏறத்தாழ மும்பை முதல் ஆஸ்திரேலியாவின் வடகரை வரை ஒரே ஒரு நாய்முகத் தண்ணீர்ப் பாம்பு பரவியிருப்பதாகவே பல நூல்கள் எழுதின. பூகி ஏரிப் பாம்பு மட்டும் தனித்து நின்றது.

உணவு காட்டிய வேறுபாடு

வடிவில் நெருங்கிய பாம்புகள் வாழ்க்கை முறையில் எவ்வளவு விலகி நிற்க முடியும் என்பதைச் சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. புரூஸ் ஜெய்ன், ஹெரால்ட் வோரிஸ், பீட்டர் இங் ஆகிய மூவரும் இதை 2002இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். பாம்பு எதையும் முழுதாகத்தான் விழுங்கும் என்பது பாடநூல்கள் சொல்லும் பொதுவிதி. ஜெரார்டா அந்த விதியை மீறுகிறது. அது ஓடு கழற்றிய உடனே மென்மையாக இருக்கும் நண்டைத் தேர்ந்து பிடிக்கிறது. உடலை வளையமாக்கி நண்டை இறுக்கி, தன் வாயால் இழுத்துக் கிழித்துத் துண்டு துண்டாக விழுங்குகிறது. இதனால் தன் வாய்க்குள் அடங்காத பெரிய நண்டையும் அது உண்ண முடிகிறது.

ஃபோர்டோனியா கடின ஓடுள்ள நண்டையே தாக்குகிறது. கேன்டோரியா நொடிக்கும் இறால்களை உண்கிறது. நாய்முகத் தண்ணீர்ப் பாம்போ சேற்றில் துள்ளும் உளுவை உள்ளிட்ட மீன்களை உண்கிறது. ஒரே சேற்றில், ஒரே இரவில், நான்கு பாம்புகள் நான்கு வகையாக இரை தேடுகின்றன. உணவை வைத்து யாரும் சிற்றினப் பெயர் சூட்டுவதில்லை. எனினும், செதில் எண்ணி அறிஞர்கள் பிரித்த எல்லைகள் உயிருள்ள பாம்பின் வாழ்விலும் உண்மையான எல்லைகளே என்பதற்கு இந்த ஆய்வு நல்ல சான்றாக அமைந்தது.

ஒன்று பலவானது

நாய்முகத் தண்ணீர்ப் பாம்புகளைப் பற்றிய பழைய கேள்வி 2000ஆம் ஆண்டையொட்டி மீண்டும் எழுந்தது. டேரில் கார்ன்ஸ், வோரிஸ் உள்ளிட்டோர் தென்கிழக்கு ஆசியாவின் பல இடங்களிலிருந்து எடுத்த மாதிரிகளின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களை ஒப்பிட்டு 2000இல் ஆய்வு வெளியிட்டனர். வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரிந்த பாம்புகள் மரபணுவில் பல கிளைகளாகப் பிரிந்து நின்றன.

இதை விளங்கிக்கொள்ளக் கடலின் வரலாறும் உதவியது. பனி யுகங்களில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. அப்போது மலாய் தீபகற்பம், சுமத்ரா, சாவகம், போர்னியோ ஆகியவை ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. வங்கக்கடலை அடுத்த கரைக்கும் தென்சீனக் கடலை அடுத்த கரைக்கும் நடுவே நிலம் தடையாக நின்றது. கரையோரச் சேற்றில் மட்டும் வாழும் பாம்பு மலைகளைக் கடந்து மறுகரைக்குச் செல்ல முடியாது. பிரிந்த கூட்டங்கள் தனித்தனியே மாறின. கடல் மீண்டும் உயர்ந்தபோதும் அந்த வேறுபாடு மரபணுவில் நிலைத்திருந்தது. இப்பகுதியின் பழைய கடல்மட்ட வரைபடங்களைத் தொகுத்து வெளியிட்டவரும் பாம்பு ஆய்வாளரான வோரிஸே.

ஜான் மர்ஃபி, வோரிஸ், கார்ன்ஸ் ஆகியோர் 2012இல் இப்பேரினத்தை முழுவதும் மறு ஆய்வு செய்தனர். மரபணுச் சான்றுகளோடு அருங்காட்சியக மாதிரிகளின் செதில், நிறம் முதலிய அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்து ஐந்து சிற்றினங்களை ஏற்றனர்:

• செர்பெரஸ் ரின்காப்ஸ்: இந்தியா, இலங்கை முதல் அந்தமான் கடலோரம் வரை வாழ்வது. தமிழகக் கழிமுகங்களில் காணப்படுவது இதுவே.
• செர்பெரஸ் ஸ்னைடரி: தென்கிழக்கு ஆசியாவில் பரவலாக வாழ்வது.
• செர்பெரஸ் ஆஸ்திராலிஸ்: ஆஸ்திரேலியப் பகுதியில் வாழ்வது.
• செர்பெரஸ் மைக்ரோலெபிஸ்: பூகி ஏரிப் பகுதியில் மட்டும் வாழ்வது.
• செர்பெரஸ் டன்சோனி: பலாவு தீவுகளில் வாழ்வது.

இவற்றுள் புதிதாகப் பெயர் பெற்றது கடைசி ஒன்று மட்டுமே. இப்பாம்புகளின் வாயில் உப்பை வெளியேற்றும் சுரப்பி இருப்பதை 1979இல் சுட்டிக்காட்டிய ஆய்வாளர்களுள் ஒருவரான வில்லியம் டன்சனின் பெயரை அது தாங்குகிறது. மற்ற நான்கும் பழைய பெயர்கள். இரண்டு சிற்றினங்கள் ஒன்று எனத் தெரிந்தால் முதலில் வைத்த பெயர் நிற்கும். பின்னர் அவை வேறு எனத் தெரிந்தால் ஒதுக்கிய பழைய பெயர் மீண்டும் வரும் என்பது பெயரிடல் விதி. அவ்வாறே ஸ்க்லெகல் 1837இல் சூட்டிய பெயரும் கிரே 1842இல் சூட்டிய பெயரும் மீண்டும் தலைநிமிர்ந்தன. கஞ்சத்துப் படத்தோடு கட்டுண்டிருந்ததால் ரின்காப்ஸ் என்ற பெயர் இந்தியக் கரைப் பாம்புக்கே உரியதாயிற்று.

கலப்பினமா, தனிச் சிற்றினமா?

நாய்முகத் தண்ணீர்ப் பாம்புகளில் வேறானவை ஒன்றுபோலத் தோன்றின. அலையாத்திக் காட்டின் குழிவிரியன்களில் சிக்கல் இன்னும் கடுமையானது.

இங்கு நெடுங்காலமாக அறியப்பட்டவை இரண்டு சிற்றினங்கள். ஒன்று டிரிமெரிசூரஸ் எரித்ரூரஸ். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய டேனிஷ் மருத்துவர் தியோடர் கேன்டர், கங்கைக் கழிமுகத்திலிருந்து கிடைத்த பாம்பை வைத்து 1839இல் இதை விளக்கினார். உடல் முழுதும் பச்சை, வால் செம்பழுப்பு, உடலில் புள்ளிகள் இல்லை. சுந்தரவனக் காடுகளில் இது காணப்படுகிறது. மற்றொன்று டிரிமெரிசூரஸ் பர்ப்பூரியோமாகுலேட்டஸ் என்னும் அலையாத்திக் குழிவிரியன். இதை 1832இல் கிரே விளக்கினார். தெற்கு மியான்மர் முதல் மலாய் தீபகற்பம், சுமத்ரா வரை வாழும் இதன் நிறம் சாம்பல், மஞ்சள், பழுப்பு, கறுப்பு எனப் பலவாறு மாறும். பெரும்பாலும் முதுகில் கரும்புள்ளிகள் இருக்கும். ஆனால் பச்சையாக இருப்பதில்லை. அந்தமான் தீவுகளில் வாழும் குழிவிரியனும் நெடுங்காலம் இதன் கிளையினமாகவே எண்ணப்பட்டு, பிறகு தனிச் சிற்றினமாக ஏற்கப்பட்டது.

வடக்கே புள்ளியற்ற பச்சைப் பாம்பு. தெற்கே பச்சையற்ற புள்ளிப் பாம்பு. இரண்டுக்கும் நடுவே, மியான்மரின் ஐராவதி, யாங்கோன் பகுதிகளில், பச்சையாகவும் புள்ளிகளோடும் ஒரு பாம்பு வாழ்ந்தது. இரண்டு சிற்றினங்களும் சந்தித்துக் கலந்ததால் பிறந்த கலப்பினமாக அது இருக்கலாம் என்று கருதுவது இயல்பே. ஆய்வாளர்களும் முதலில் அவ்வாறே ஐயுற்றனர்.

இந்த ஐயத்தைச் செதில் எண்ணித் தீர்க்க முடியாது. கலப்பினத்துக்கு இரு பெற்றோரின் அடையாளங்களும் இருக்கும். இடைப்பட்ட தனிச் சிற்றினத்துக்கும் அவை இருக்கலாம். மரபணுத் தொகுதியைப் பரவலாகப் படித்தால் வேறுபாடு தெரியும். அண்மைக் கலப்பில் பிறந்த பாம்பின் மரபணுக்களில் ஒரு பகுதி வடக்குப் பாம்பினுடையதாகவும் மறுபகுதி தெற்குப் பாம்பினுடையதாகவும் இருக்கும். தனிச் சிற்றினமாக இருந்தால் இரு பக்கத்திலும் இல்லாத தனக்கே உரிய மாற்றங்கள் மிகுதியாக இருக்கும். சான் கின் ஓன் தலைமையிலான குழு இம்முறையில் ஆராய்ந்து, நடுவே வாழ்வது தனிச் சிற்றினமே என்று முடிவு செய்தது. 2024 சனவரியில் 'சூகீஸ்' இதழில் அது டிரிமெரிசூரஸ் அயேயர்வாடியென்சிஸ் என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. தமிழில் ஐராவதிக் குழிவிரியன் எனலாம். மேற்கே பாத்தைன் ஆறும் கிழக்கே யாங்கோன் ஆறும் அதன் அறியப்பட்ட எல்லைகள்.

இம்முடிவோடு மற்றொரு வியப்பும் வெளிப்பட்டது. இச்சிற்றினத்தின் சில கூட்டங்கள் கரும்பச்சையாகப் புள்ளிகளோடு இருப்பதால் அவற்றை வடக்குப் பாம்பிலிருந்து எளிதில் பிரித்தறியலாம். வேறு சில கூட்டங்கள் புள்ளியே இல்லாத இளம்பச்சை. அவை வடக்குப் பாம்பைப் போலவே தோன்றுகின்றன. அதாவது ஒரே சிற்றினம் தன் நெருங்கிய உறவினத்தோடு ஒத்தும் இருக்கிறது, ஒவ்வாமலும் இருக்கிறது. கடந்த காலத்தில் இரு பக்கத்துப் பாம்புகளோடும் மரபணுப் பரிமாற்றம் நடந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கலப்பினம் என்ற பழைய ஐயத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது என்பதே இதன் பொருள்.

பிரித்தறிவதால் என்ன பயன்?

முதற்பயன் மருத்துவம். இந்தியாவில் தயாரிக்கப்படும் பாம்புக்கடி முறிமருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுகிறது. அந்நஞ்சைச் சேகரிப்பதில் செங்கல்பட்டு மாவட்டத்தின் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குழிவிரியன்களின் நஞ்சு இதில் இல்லை. கடற்பாம்புகளின் நஞ்சும் இல்லை. எனவே கழிமுகத்தில் ஒருவரைக் கடித்தது குழிவிரியனா, கடற்பாம்பா, ஆபத்தற்ற தண்ணீர்ப் பாம்பா என்பது மருத்துவருக்குத் தேவையான செய்தி. நஞ்சின் தன்மை சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறக்கூடும். ஒரே பெயரில் மூன்று பாம்புகள் மறைந்திருந்தால், ஒன்றின் நஞ்சைப் பற்றிய ஆய்வு மற்றவற்றுக்கும் பொருந்தும் என்று தவறாக எண்ண நேரிடும்.

இரண்டாவது பயன் பாதுகாப்பு. ஆசியாவெங்கும் பரவிய ஒரே பாம்பு என்று எண்ணும்வரை அதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் காரணம் இல்லை. அது ஐந்து எனத் தெரியும்போது, ஒரே ஏரியை நம்பி வாழும் பூகி ஏரிப் பாம்பும் சில தீவுகளை நம்பி வாழும் பலாவு பாம்பும் தனிக் கவனம் பெறுகின்றன. அலையாத்திக் காடுகள் இறால் பண்ணைகளுக்காகவும் வயல்களுக்காகவும் அழிக்கப்பட்ட இடங்களில், பெயர் பெறும் முன்பே சிற்றினங்கள் மறையக்கூடும். ஐராவதிக் கழிமுகமும் காடுகளைப் பெருமளவு இழந்த பகுதியே.

மூன்றாவது பயன் பாம்புக்கே உரியது. மீன் வலையில் சிக்கும் நாய்முகத் தண்ணீர்ப் பாம்பு, விரியன் என்றோ கடற்பாம்பு என்றோ தவறாக எண்ணப்பட்டு அடித்துக் கொல்லப்படுகிறது. அதை அடையாளம் காணத் தெரிந்தால் வலையிலிருந்து விடுவிக்கலாம்.

பொது அடையாளங்கள்

மாணவர்கள் படங்களையும் அருங்காட்சியக மாதிரிகளையும் பார்க்கும்போது கீழ்க்கண்ட அடையாளங்கள் உதவும். உயிருள்ள பாம்பைக் கையால் தொட்டு இவற்றைச் சோதிக்கக் கூடாது.

• கடற்பாம்பு: வால் துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கும்.
• அரப்பாம்பு: தோல் தளர்ந்து, அரம் போலச் சொரசொரப்பாக இருக்கும், அகன்ற வயிற்றுச் செதில்கள் இல்லை.
• நாய்முகத் தண்ணீர்ப் பாம்பு: சாம்பல் நிற உடலில் கருநிறக் குறுக்குக் கோடுகள், கண்ணின் வழியே செல்லும் கருங்கோடு, மேடுள்ள செதில்கள், துடுப்பு வால் இல்லை.
• ஜெரார்டா, ஃபோர்டோனியா: வழவழப்பான செதில்கள், கழுத்திலிருந்து தெளிவாகப் பிரியாத தலை, செதில் வரிசை எண்ணிக்கையால் தம்முள் வேறுபடும்.
• குழிவிரியன்: முக்கோணத் தலை, கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே வெப்பம் உணரும் குழி, கிளையைப் பற்றும் வால்.

இவ்வடையாளங்கள் குடும்பத்தையும் பேரினத்தையும் காட்டும். சிற்றினத்தை உறுதி செய்ய இடம், செதில் எண்ணிக்கை, மரபணு ஆகிய மூன்றும் தேவைப்படலாம். ஐராவதிக் குழிவிரியன் கற்பிக்கும் பாடம் இதுவே. நிறம் மட்டும், செதில் மட்டும், பல் மட்டும் என ஒரே சான்றை நம்பிய ஒவ்வொரு காலத்திலும் பிழை நேர்ந்தது. அதே வேளையில், ரசல் வரையச் செய்த படமும் அருங்காட்சியகங்கள் காத்து வைத்த மாதிரிகளும் இல்லையென்றால் பின்வந்தோர் அப்பிழைகளைத் திருத்தியிருக்க இயலாது. கஞ்சம் கடற்கரையில் யாரோ ஒருவர் 'பொக்கடம்' என்று சொன்ன சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிழையின்றி அப்பாம்பையே சுட்டி நிற்கிறது.